மூட்டு வீக்கமெல்லாம் வாதமாகுமா?

நாற்று நடவும், வரப்பு வெட்டவும், களை பறிக்கவும் கால் மூட்டுகள் நலமாக இருத்தல் வேண்டும். ஒரு மூட்டு வீங்கிவிட்டால் அன்றைய உழைப்பு நின்றுவிடுகிறது. அம்மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் வருவாயே குன்றிவிடுகிறது. நம் கிராமங்களில் மூட்டில் தோன்றும் எல்லா வீக்கத்தையும் வலியையும் “வாதம்” என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. பெரும்பாலான சமயங்களில் இவ்வழக்கத்தால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் வாதம் என்று கருதப்படும் நோய்களுக்கிடையே, சில நாட்கள் தாமதித்தாலும் மூட்டையே அழித்துவிடக்கூடிய நோய் ஒன்று மறைந்திருக்கிறது. அதுவே மூட்டில் சீழ் வைக்கும் நோயாகும். ஏற்கெனவே கீல்வாதம் உள்ளவர்களிடத்தில் இந்நோய் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அது எவ்வாறு தப்புகிறது, அதனைக் கண்டறியும் வழி யாது, கிராமத்தார் செய்யத்தக்கது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீல்வாதத்தின் இயல்பு

ஆங்கில வைத்தியத்தில் “கவுட்” என்று வழங்கப்படும் நோயை இங்கு கீல்வாதம் என்று குறிப்பிடுவோம். நம் உடலின் அணுக்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போதும், சிலவகை உணவு செரிக்கும்போதும் யூரிக் அமிலம் என்னும் கழிவுப்பொருள் உண்டாகிறது. சிறுநீரகங்கள் இதனைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகின்றன. வெளியேறுவது குறைந்தாலோ, உற்பத்தி மிகுந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு உயர்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது முழுவதும் கரைந்திருக்க இயலாது. உப்பளத்தில் நீர் சுண்டும்போது உப்பு படிவதுபோல, மிகுதியான யூரிக் அமிலத்தின் உப்பு மூட்டுகளில் ஊசி வடிவான நுண்ணிய படிகங்களாகப் படிகிறது. பல ஆண்டுகள் ஓசையின்றிப் படிந்து கிடக்கும் இப்படிகங்கள் ஒரு நாள் திடீரென்று அழற்சியை மூட்டிவிடுகின்றன.

பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டிலேயே முதல் தாக்குதல் தோன்றும். இரவில் நன்றாக உறங்கச் சென்றவர் விடியற்காலையில் தாங்கவொண்ணா வலியுடன் விழித்தெழுவார். மூட்டு சிவந்து, சூடேறி, பளபளவென்று வீங்கியிருக்கும். போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. ஒரு நாளைக்குள் வலி உச்சத்தை எட்டி, ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களிடத்திலும், மாதவிடாய் நின்ற பெண்களிடத்திலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடத்திலும், மது அருந்துவோரிடத்திலும் இந்நோய் மிகுதி.

யூரிக் அமிலத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்து தேசத்து மருத்துவர் ஆல்ஃபிரட் கரோட் 1848-ல் நிறுவினார். 1961-ல் அமெரிக்க மருத்துவர்களான மெக்கார்ட்டியும் ஹாலண்டரும், நோயாளிகளின் மூட்டு நீரை விசேஷ ஒளியமைப்புள்ள உருப்பெருக்கியின் மூலம் ஆராய்ந்து, அதில் இந்த ஊசிப் படிகங்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் கால்சியம் சேர்ந்த வேறுவகைப் படிகங்களாலும் இதனையொத்த நோய் உண்டாவது விளக்கப்பட்டது. அதனைப் “போலிக் கீல்வாதம்” என்பர். அது முதியோரின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் மிகுதியாகக் காணப்படும்.

சீழ் மூட்டின் இயல்பு

சீழ் மூட்டு என்பது படிகத்தால் வருவதன்று, நுண்கிருமிகளால் வருவது. காலில் ஏற்பட்ட புண், தோலில் உண்டான கட்டி, சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ உள்ள தொற்று ஆகியவற்றிலிருந்து கிருமிகள் இரத்தத்தின் வழியாக மூட்டை அடையலாம். முள் அல்லது கருவி குத்திய காயத்தின் வழியாக நேரே நுழைதலும் உண்டு. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியே இதற்கு மிகுதியும் காரணமாகிறது. முழங்கால்தான் பெரும்பாலும் பாதிக்கப்படும்.

எலும்புகள் ஒன்றோடொன்று உராயாமல் காப்பது அவற்றின் முனைகளில் அமைந்துள்ள குருத்தெலும்பு. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் ஒருமுறை அரிக்கப்பட்டால் மீண்டும் நன்கு வளர்வதில்லை. மூட்டினுள் சீழ் தேங்கினால், கிருமிகளும் அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வெளியிடும் பொருள்கள் குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அரித்துவிடுகின்றன. கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே அபாயம் நேரும். சிகிச்சை பெற்றவர்களிலும் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேர் உயிரிழப்பதாகப் பல நாட்டு மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன.

கீல்வாதம் ஓரிரு வாரங்களில் தானே தணியும்; சீழ் மூட்டோ காத்திருந்தால் அழிவையே தரும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது பெருந்தவறாக முடிகிறது.

பிரித்தறிவது ஏன் கடினம்?

இரண்டிலும் மூட்டு வீங்குகிறது, சிவக்கிறது, சுடுகிறது, அசைக்க முடியாமற் போகிறது. காய்ச்சல் இருந்தால் சீழ், இல்லாவிட்டால் வாதம் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. சீழ் மூட்டு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கே காய்ச்சல் காணப்படுகிறது. மாறாக, கடுமையான கீல்வாதத் தாக்குதலிலும் காய்ச்சல் வருவதுண்டு.

இரத்தச் சோதனை ஒன்றை மட்டும் கொண்டும் முடிவுகட்ட இயலாது. வெள்ளணுக்களின் எண்ணிக்கையும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய அளவுகளும் இரு நோய்களிலுமே உயர்கின்றன. யூரிக் அமில அளவை நம்பலாமா எனில், அதுவும் ஏமாற்றக்கூடியதே. தாக்குதல் நடக்கும்போது சிலருக்கு அந்த அளவு சாதாரணமாகவே இருக்கும். அளவு மிகுந்தும் ஆயுள் முழுதும் கீல்வாதம் வராமல் வாழ்வோரும் பலர். எக்ஸ்ரே படமும் தொடக்க நாட்களில் வீக்கத்தைத் தவிர வேறொன்றையும் காட்டாமல் இருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நோய்களும் ஒரே மூட்டில், ஒரே சமயத்தில் இருக்கலாம். ஏற்கெனவே படிகத்தால் சிதைந்த மூட்டில் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. நெடுநாள் கீல்வாதத்தில் தோலுக்கடியில் திரளும் சுண்ணாம்பு போன்ற கட்டிகள் உடைந்து புண்ணானால், அது கிருமிகளுக்குத் திறந்த வாயிலாகிறது. மேலும், கிருமித் தொற்று மூட்டின் உட்பகுதியை அரிக்கும்போது, அங்கே படிந்து கிடந்த படிகங்கள் மூட்டு நீரில் உதிர்ந்து கலக்கவும் கூடும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் கீல்வாதக்காரர்களிடம் மிகுதி. அவையே தொற்றுக்கும் இடந்தருகின்றன. ஆகவே “படிகம் காணப்பட்டுவிட்டது, இனிக் கவலையில்லை” என்று கூறுவதற்கில்லை. படிகம் இருப்பது கீல்வாதத்துக்குச் சான்றேயன்றி, கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மூட்டு நீர்ச் சோதனை

ஐயம் நேர்ந்தவிடத்து உண்மையை அறிய உதவுவது மூட்டு நீர்ச் சோதனையே. மருத்துவர் தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, மெல்லிய ஊசியை மூட்டினுள் செலுத்திச் சிறிது நீரை எடுப்பார். சில நிமிஷங்களில் முடிந்துவிடும் செயல் இது. ஊசி போட்டால் கால் முடங்கிவிடும் என்று கிராமத்தில் சிலர் அஞ்சுகின்றனர். தக்க தூய்மையுடன் செய்யப்படும்போது தீங்கு நேர்வது மிக அரிது. தேங்கிய நீர் வெளியேறுவதால் வலி குறைவதும் உண்டு.

எடுத்த நீரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாகாது. நலமுள்ள மூட்டின் நீர் தெளிந்து, இளமஞ்சளாக, எண்ணெய் போல் வழுவழுப்பாக இருக்கும். சீழ் கலந்த நீர் கலங்கியிருக்கும். படிகம் நிறைந்த நீரும் கலங்கியே, சிலசமயம் பால்போல் வெளுத்தே, காணப்படும். ஆகவே நான்கு சோதனைகள் செய்யப்படுகின்றன.

முதலாவது, வெள்ளணுக்களை எண்ணுதல். நலமுள்ள மூட்டு நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவாகவே அவை இருக்கும். எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டினால் சீழ் மூட்டு என்ற ஐயம் வலுக்கிறது. எனினும் இதனை எல்லைக்கல்லாகக் கொள்ளலாகாது. கீல்வாதத்தில் மட்டுமே இவ்வெண் 50,000-ஐக் கடப்பதும் உண்டு; உடல் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் கிருமி இருந்தும் எண் தாழ்ந்திருப்பதும் உண்டு.

இரண்டாவது, கிராம் சாயம் ஏற்றிக் கிருமியைப் பார்த்தல். இது விரைவில் முடிந்துவிடும். ஆனால் சீழ் மூட்டு உள்ளவர்களில் பாதிப் பேரிடம்கூட இச்சோதனையில் கிருமி கண்ணுக்குப் படாமற் போகலாம். “சாயச் சோதனையில் ஒன்றுமில்லை” என்ற செய்தி கேட்டு வீடு திரும்பிவிடலாகாது.

மூன்றாவது, கிருமி வளர்ப்புச் சோதனை. மூட்டு நீரை ஊட்டப் பொருளில் இட்டு, கிருமி வளர்கிறதா என்று ஓரிரு நாட்கள், தேவையானால் மேலும் பல நாட்கள் காத்திருந்து பார்ப்பார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற இரண்டையும் இதனால் அறியலாம். இதனுடன் இரத்தத்தையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது வழக்கம்.

நான்காவது, உருப்பெருக்கியில் படிகங்களைத் தேடுதல். யூரிக் அமிலப் படிகம் ஊசி போலவும், போலிக் கீல்வாதப் படிகம் சாய்சதுரம் போலவும் தோன்றும். இதற்கான விசேஷ உருப்பெருக்கி எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. அது இல்லையென்பதற்காக முதல் மூன்று சோதனைகளை ஒத்திப்போடுதல் தகாது.

கீல்வாதத் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஊசி வேண்டுமா எனில், வேண்டுவதில்லை. முன்னரே உறுதியாகக் கண்டறியப்பட்ட கீல்வாதம் வழக்கமான பெருவிரலில் வந்து, காய்ச்சலும் புண்ணும் இல்லாமல், மருந்தினால் ஓரிரு நாட்களில் தணியத் தொடங்கினால், மருத்துவர் அவ்வாறே சிகிச்சையைத் தொடரலாம். ஆனால் நீரிழிவு உள்ள ஒருவருக்கு முழங்கால் புதிதாக வீங்கி, காலில் ஆறாத புண்ணும் இருக்குமானால், “அவருக்குப் பத்து வருஷமாக வாதம்தானே” என்று விட்டுவிடுவது அபாயம். அத்தகையவருக்கு நீரை எடுத்துப் பார்ப்பதே முறை. ஐயம் தீரும்வரை சீழ் மூட்டு என்றே கொண்டு சிகிச்சை அளிப்பதும் மருத்துவ மரபு.

அவசர மருந்தால் விளையும் கேடு

இச்சோதனைகளைப் பயனற்றதாக்கும் செயல்கள் சில நம் கிராமங்களில் நடைபெறுகின்றன. மருந்துக் கடையில் தாமாகவே கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி இரண்டு நாள் உண்பது அவற்றுள் ஒன்று. அரைகுறையாக உண்ட மருந்து கிருமியை முற்றும் அழிப்பதில்லை. வளர்ப்புச் சோதனையில் அது வளராமல் மறைத்துவிடுகிறது. பிறகு எந்த மருந்தைக் கொடுப்பது என்று மருத்துவர் திகைக்க நேர்கிறது. நோயாளியின் உடல்நிலை மிகவும் மோசமாக இருந்தாலன்றி, முதலில் நீரை எடுத்து, அதன்பின் கிருமிக்கொல்லியைத் தொடங்குவதே சரியான வரிசை.

முறையான பயிற்சியில்லாதவர்கள் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவது மற்றொன்று. கீல்வாதத்தில் இம்மருந்து நற்பலன் தருவது மெய்யே. ஆனால் உள்ளே கிருமி இருக்கையில் இதனைச் செலுத்தினால் உடலின் எதிர்ப்பு ஒடுங்கி, வலி சிறிது தணிந்ததுபோல் தோன்றும். கிருமியோ உள்ளே பெருகும். வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்ப்பதும், சுடுவதும், கொதிக்கும் பற்று இடுவதும் தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

நம் மாநில மலராகிய செங்காந்தளைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல் கூறுவது பொருந்தும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுவது இதுவே. இதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்கிசின் கீல்வாதத்துக்கு உரிய மருந்தாகும். நம் வயலில் விளைவதுதானே என்று கிழங்கையோ விதையையோ எவரும் உண்ணலாகாது. அது உயிரைக் கொல்லும் நஞ்சு. மருந்தாகத் தரும் கால்கிசினும் மிகச் சிறிய அளவில், சிறுநீரக நிலையறிந்து, மருத்துவரால் தரப்பட வேண்டுவது. அதனை உண்டபின் வலி சிறிது குறைந்தால் “கிருமியில்லை” என்று பொருள்கொள்வதும் தவறாகும்.

சேற்று மண்ணில் வாழும் கிருமி

வயலில் உழைப்போர் தனியே அறிந்திருக்க வேண்டிய கிருமி ஒன்று உண்டு. 1912-ல் ரங்கூன் நகரில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசாமி ஆகிய இரு மருத்துவர்கள் அதுவரை அறியப்படாத ஒரு நோயை விவரித்தனர். பின்னர் அது மெலியாய்டோசிஸ் என்று பெயர்பெற்றது. இதன் கிருமி சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோலில் உள்ள வெடிப்பு அல்லது காயத்தின் வழியாகவும், மூச்சின் வழியாகவும் உடலினுள் நுழைகிறது. மழைக்காலத்தில் மிகுதியாகத் தோன்றும் இந்நோய் தமிழ்நாட்டிலும் கேரளம், கர்நாடகம் முதலிய மாநிலங்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு உள்ளவர்களையே இது பெரிதும் தாக்குகிறது. நுரையீரல், ஈரல் ஆகியவற்றோடு மூட்டுகளிலும் சீழை உண்டாக்குகிறது.

வழக்கமாகச் சீழ்க்கட்டிகளுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் இக்கிருமியை அழிப்பதில்லை. குறிப்பிட்ட சில ஊசி மருந்துகளை இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் செலுத்தி, பிறகு மூன்று மாதங்களேனும் மாத்திரை உண்ண வேண்டியிருக்கிறது. வளர்ப்புச் சோதனை செய்யாமல் இதனை அறிதல் அரிது. முதலில் நீரை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவதன் பொருள் இப்போது விளங்கும்.

சீழ் மூட்டு உறுதியானால், மூட்டில் உள்ள சீழை ஊசியாலோ அறுவை முறையாலோ வெளியேற்றி, பொருத்தமான கிருமிக்கொல்லியைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுப்பார்கள். வலி நின்றதும் மருந்தை இடையில் நிறுத்துதல் கூடாது. நெல்லறுவடை வந்துவிட்டது என்று நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துச் செல்வதும் கூடாது.

உடனே கவனிக்க வேண்டிய குறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய தினமே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

1. ஒரே மூட்டு ஓரிரு நாட்களில் வீங்கி, சூடேறி, சிறிதும் அசைக்க இயலாத நிலை.
2. மூட்டு வலியுடன் காய்ச்சல், நடுக்கம், மனத் தடுமாற்றம் அல்லது மிகுந்த சோர்வு.
3. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, முதிர்ந்த வயது, செயற்கை மூட்டு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஆகியவற்றுள் ஒன்றுடன் புதிய மூட்டு வீக்கம்.
4. வீங்கிய மூட்டுக்கருகில் புண், உடைந்த கட்டி, அல்லது அண்மையில் ஊசி போட்ட தடம்.
5. பழைய கீல்வாதம் வழக்கத்துக்கு மாறான இடத்தில் வருதல். அல்லது வழக்கமான மருந்தால் இரண்டு நாட்களில் தணியாமை.

மருத்துவரைக் கண்டதும், எப்போது வலி தொடங்கியது, முன்பு எந்த மூட்டில் வந்தது, எந்த மாத்திரை அல்லது ஊசி ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டது என்பவற்றை மறைக்காமல் கூறுக. மாத்திரை அட்டையையும் பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்க.

பஞ்சாயத்துகளின் பங்கு

இதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்க காரியங்கள் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராமசபையில் மேற்கூறிய ஐந்து குறிகளையும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு எடுத்துரைக்கச் செய்யலாம். 2021-ல் தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும்போது, மூட்டு வீக்கத்தையும் காலில் உள்ள புண்ணையும் அவர்களிடம் காட்டும்படி முதியோருக்குச் சொல்லலாம். மூட்டு நீரை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்யும் வசதி, தம் ஊருக்கு அருகில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலா, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலா உள்ளது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். 2008 முதல் நடைபெற்று வரும் 108 ஆம்புலன்ஸ் சேவை பிரசவத்துக்கும் விபத்துக்கும் மட்டுமே உரியது என்று எண்ணி, நடக்கவியலாத நோயாளியை வீட்டிலேயே கிடத்திவைக்கும் குடும்பங்கள் இருந்தால், அவர்களுக்கு எடுத்துக் கூறுவதும் உறுப்பினர் கடமையே.

விவசாயிகள் தம் அளவில் செய்யக்கூடியனவும் உண்டு. காலில் வெடிப்போ புண்ணோ இருக்கையில் சேற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவியலாதபோது ரப்பர் காலுறை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்த வேண்டும். நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது மிகவும் அவசியம். கீல்வாதம் உள்ளவர் மதுவை விலக்கி, ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியைக் குறைத்து, மருத்துவர் தரும் மருந்தினால் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழ் நெடுநாள் நிறுத்தி வைத்தால், படிகங்கள் கரைந்து தாக்குதல்களும் நின்றுவிடும். தாக்குதல் இல்லாத மூட்டில் புதிதாக ஒரு வீக்கம் தோன்றினால், அதனை எவரும் பழைய வாதம் என்று எண்ணி வாளாவிருக்கமாட்டார்கள்.

நெற்பயிரில் இலை பழுத்தால், உரக்குறைவா, பூச்சியா, நோயா என்று பார்த்த பின்னரே விவசாயி மருந்து தெளிக்கிறார். தம் மூட்டுக்கும் அதே நிதானத்தை அவர் கடைப்பிடித்தல் நலம். வீக்கம் கண்ட அன்றே சுகாதார நிலையத்துக்குச் செல்வதனால் இழப்பது ஒரு நாள் கூலி. செல்லாமையால் இழக்க நேர்வது ஆயுள் முழுவதற்கும் உரிய கால்.